லத்தி சொல்லும் ஜாதகம்

ஓசூர் அருகே சானமாவு காட்டை ஒட்டிய ராகிக் கொல்லையில் விடியற்காலை யானை லத்தி கிடந்தால், கொல்லைக்காரர் கேட்பது எத்தனை யானை, எந்தப் பக்கம் போச்சு என்பதைத்தான். யானையை ஆராய்கிறவர்கள் அந்த உருண்டையை நாடாவால் அளப்பார்கள். கொஞ்சம் கிள்ளிப் பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மயக்க ஊசி போடாமல், கிட்டேகூடப் போகாமல், அந்த யானையின் வயதையும் உடல்நிலையையும் விசாரிக்க இதைவிடத் தோதான வழி இல்லை.

ஆசிய யானை அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு என்று 1986 முதல் உலகப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட விலங்கின் எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் போதாது. கூட்டத்தில் குட்டி எத்தனை, ஈனும் வயதில் பெண் எத்தனை, கிழம் எத்தனை என்று தெரிந்தால்தான் அந்தக் கூட்டம் தழைக்குமா தேயுமா என்று சொல்ல முடியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமன் சுகுமார் 1980களில் முனைவர் பட்டத்துக்காகச் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் அலைந்தபோது செய்த வேலைகளில் இந்த வயதுக் கணக்கும் ஒன்று.

வயதை எப்படிப் பிடிப்பது? லத்தி உருண்டையின் அளவு ஒரு துப்பு. மற்றத் துப்புகளை முன்னங்காலிலிருந்து தொடங்கலாம். ஈர மண்ணில் பதிந்த முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிறு விட்டு அளந்து, அதை இரட்டித்தால் ஏறக்குறைய தோள் உயரம் வந்துவிடும். சுற்றளவு 120 சென்டிமீட்டர் என்றால் யானை 240 சென்டிமீட்டர் உயரம். பழைய பாகன்களுக்கும் தெரிந்த கணக்குதான் இது. உயரம் தெரிந்தால், வளர்கிற பருவத்து யானைக்கு வயது சொல்லிவிடலாம். பதினைந்து வயதைத் தாண்டினால் பெண் யானையின் வளர்ச்சி மட்டுப்படும். ஆண் அதன் பிறகும் வளர்ந்துகொண்டே போகும். அதற்கு மேல் கயிற்றை நம்ப முடியாது, முகத்தைப் பார்க்க வேண்டும். காதின் மேல்விளிம்பு வயது ஏற ஏற மடங்கிக்கொண்டே வரும். கன்னப்பொறிக்கு மேலே குழி விழும். துதிக்கையிலும் காதிலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் படரும். நம் வீட்டுப் பெரியவர்களின் முகத்தில் நாம் படிப்பதும் இப்படித்தானே.

துல்லியமான சாட்சி பல்தான். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். புதுப்பல் பின்னாலிருந்து நகர்ந்து வந்து தேய்ந்த பல்லை முன்னே தள்ளும். ஆறாவதும் தேய்ந்துபோனால் மெல்ல முடியாது, முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் காட்டு யானை செத்துக் கிடந்தால்தான் வாயைத் திறந்து பார்க்க முடியும். திமிங்கில ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. நீலத் திமிங்கிலத்தின் காதுக்குள் மெழுகு அடுக்கடுக்காகப் படிகிறது. அந்த அடுக்குகளை எண்ணினால், மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல, வயது தெரியும். ஆனால் அதுவும் கரை ஒதுங்கிய பிணத்தில்தான்.

உடல்நலத்துக்கு வருவோம். விலா எலும்பு தெரிகிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா, இடுப்பு எலும்பு முட்டுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மனசுக்கும் ஒரு மதிப்பெண் வேண்டாமா? அதற்குத்தான் லத்தி. பயமோ பட்டினியோ வந்தால் உடம்பு கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவற்றின் மிச்சம் லத்தியில் கலந்து வெளியேறும். திமிங்கிலத்துக்கும் இதே கணக்குதான். அட்லாண்டிக்கில் ரைட் திமிங்கிலம் என்ற வகையின் மலத்தை மோப்ப நாயைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தேடினார்கள். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பின் கப்பல் போக்குவரத்து குறைந்து கடல் இரைச்சல் அடங்கிய நாட்களில், அந்த மலத்தில் இந்த ஹார்மோன் மிச்சம் குறைந்திருந்தது.

நம் பக்கத்துக் கதைதான் எனக்கு அதைவிடச் சுவாரசியம். இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீதா சர்மா போகரேல் குழுவினர் காட்டு யானைகளின் லத்தியைச் சோதித்தபோது, மெலிந்த யானைகளுக்கு ஹார்மோன் மிச்சம் கூடுதல் என்று தெரிந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் 2019இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், காட்டில் மேயும் யானைகளைவிடப் பயிர் மேயும் யானைகளுக்கு அது குறைவாக இருந்தது. பட்டாசும் கூச்சலும் துரத்தலும் இருந்தும் குறைவு! சத்தான தீனி அந்தக் கலக்கத்தை ஆற்றிவிடுகிறது போலும் என்பது அவர்கள் கணிப்பு.

ஓசூர்க்காரர்களுக்கு இது புதிராக இருக்காது. அக்டோபர் பிறந்தால் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று யானைகள் இறங்குவது ராகி முற்றும் வாசனைக்குத்தான். ஏனுகு, ஆனே, யானை என்று மூன்று மொழியிலும் ஊர் எச்சரிக்கையாகிவிடும். இந்தத் தமிழக-கர்நாடக எல்லைப் பகுதியையும் சேர்த்து 248 ஆண் யானைகளைப் புகைப்படங்களால் அடையாளம் கண்டு, நிஷாந்த் சீனிவாசையாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வழக்கமாகத் தாய்க்கூட்டத்தை விட்டு விலகித் தனியே திரிய வேண்டிய இளம் ஆண்கள், இங்கே வயல் சார்ந்த நிலத்தில் பெரிய ஆண் கூட்டங்களாகச் சேர்ந்து நிலைக்கின்றன. ஆபத்தான இடத்தில் துணையோடு தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் உத்தி அது. உடம்பு தேறினால் நாளை இணை சேர்வதிலும் கை ஓங்கும்.

ஆக, இந்தப் பகுதியில் ஒரு யானை கொழுகொழுவென்று இருந்தால் அது ஆபத்தில்லாமல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தீனி இருக்கும் கொல்லையில்தான் மின்வேலியும் இருக்கிறது. 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. மின்சாரத்தை ஹார்மோன் அளவு முன்கூட்டிச் சொல்லாது.

லத்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய உருண்டையில் இருப்பது இன்றைய பயமல்ல. உடம்பில் சுரந்தது குடல் வழியாக வெளியே வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால் லத்தியைப் பையில் கட்டிய கையோடு, பரண் மேல் காவல் இருந்தவரையும் வனக் காவலரையும் தேடிப் போய்க் கேட்டாக வேண்டும்: “அண்ணா, முந்தாநாள் ராத்திரி இதை எந்தப் பக்கமிருந்து விரட்டுனீங்க?”