ஒளியைக் கணக்கிடுவதா, ஊகிப்பதா?

கணினி விளையாட்டொன்றில் தெரியும் கடல், சுவர், துணி, முகம் ஆகியவற்றைத் திரைப்படத்தைப் போல முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியாது. ஆடுபவர் அடுத்த கணம் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாதாகையால், ஒவ்வொரு காட்சியும் அந்தந்தக் கணத்திலேயே கணக்கிடப்பட்டாக வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவுடைய சாதாரணத் திரையில் பிக்ஸல் எனப்படும் ஒளிப்புள்ளிகள் 20 இலட்சத்துக்கும் மேல் உள்ளன. ஒரு செக்கனுக்கு 60 சட்டகங்கள், அதாவது 60 தனிப் படங்கள் என்று கொண்டால், செக்கனொன்றுக்கு 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளின் நிறத்தை இயந்திரம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. காட்சியாக்கம் எனப்படும் இந்தக் கணிப்பின் முழு வரலாறும் இச்சிறு கால இடைவெளிக்குள் உண்மை ஒளியை எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற முயற்சியாகவே இருந்து வந்திருக்கிறது.

நீண்ட காலமாக விளையாட்டுகள் கையாண்ட முறையில், உலகம் முழுவதும் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு முக்கோணமும் திரையின் எந்தப் புள்ளிகளை மறைக்கிறது என்று பார்க்கப்பட்டு, அப்புள்ளிகளுக்கு நிறம் பூசப்படும். இது மிக வேகமானது. ஆனால் ஒரு முக்கோணத்துக்கு மற்றொன்றைப் பற்றி எதுவும் தெரியாதாகையால், நிழல், பிரதிபலிப்பு, சிவப்புச் சுவரில் பட்ட வெயில் பக்கத்து வெள்ளைச் சுவரில் இளஞ்சிவப்பாகப் படர்வது போன்ற அனைத்தையும் தனித்தனித் தந்திரங்களால் ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

கேம் ஆடுவோர் ரே டிரேசிங் என்றே குறிப்பிடும் கதிர்த்தட முறை, ஒளி செல்லும் வழியையே பின்தொடர்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிதாபுல் மனாஸிர் என்ற ஒளியியல் நூலில், பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிரால் நிகழ்வதன்று, பொருள்களிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியால் நிகழ்வது என்று நிறுவினார். வியப்புக்குரிய வகையில், கணினி இதைத் தலைகீழாகச் செய்கிறது: கண்ணின் இடத்தில் நிற்கும் கமராவிலிருந்து ஒவ்வொரு பிக்ஸலின் வழியாகவும் ஒரு கதிரை வெளியே அனுப்பி, அது எதில் பட்டு, எங்கே தெறித்து, இறுதியில் எந்த விளக்கை அடைகிறது என்று தேடுகிறது. விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியில் மிகமிகச் சிறிய பங்கே கண்ணை வந்தடைவதால் மற்றவற்றைக் கணக்கிடுவது வீண் வேலை. ஒளி ஒரு பாதையில் எத்திசையில் சென்றாலும் இயற்பியல் விதி ஒன்றே என்பதால் விடையும் மாறுவதில்லை. இப்னுல் ஹைஸம் மறுத்த பழைய கொள்கையின் திசையில் நடந்தே அவர் நிறுவிய ஒளியின் கணக்கு இன்று போடப்படுகிறது.

இம்முறையின் முதல் வடிவத்தை 1968இல் ஆர்தர் அப்பெல் முன்வைத்தார். 1979இல் டர்னர் விட்டெட் பிரதிபலிப்பையும் ஒளிமுறிவையும் சேர்த்து உருவாக்கிய ஒரே ஒரு படத்துக்கு அன்றைய கணினி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஓர் இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். அச்சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க முடியாதாகையால், எழுமாறாகத் தெரிவுசெய்த கதிர்களை அனுப்பிச் சராசரி காணும் புள்ளியியல் வழியே பின்பற்றப்படுகிறது. கதிர்கள் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் தோன்றும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் தேவை, பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு தேவை. திரைப்படத் தயாரிப்பாளர் ஒரு சட்டகத்துக்கு மணிக்கணக்காகக் காத்திருக்கலாம். விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை.

2018இல் என்விடியா நிறுவனம் கதிர்களைத் தேடுவதற்கெனவே தனிச் சுற்றுகள் பொருத்திய ஆர்டிஎக்ஸ் வரைவியல் கார்டுகளை வெளியிட்ட பின், இம்முறை வீட்டுக் கணினிக்கு வந்தது. 2024 இறுதியில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் இச்சுற்றுகள் இல்லாத கணினிகளில் இயங்குவதில்லை. ஆனால் இக்கார்டுகளாலும் எல்லாவற்றையும் கணக்கிட்டு முடிக்க இயலவில்லை. ஆகவே, சிறிய படமொன்றைக் கணித்து, செயற்கை நுண்ணறிவு வலையமைப்பைக் கொண்டு அதைப் பெரிதாக்குவதும், கணிக்கப்பட்ட இரு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைப் புனைந்து செருகுவதும் வழக்கமாயின. 2025இல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 முறையில், திரையில் தோன்றும் 16 பிக்ஸல்களில் 15 இவ்வாறு ஊகிக்கப்படுபவையாக இருக்கலாம். புனைந்த சட்டகம் அசைவைச் சீராக்குமேயன்றி, ஆடுபவர் பொத்தானை அழுத்தியதற்கான பதிலை விரைவுபடுத்தாது. அடுத்த உண்மைச் சட்டகம் வரும் வரை காத்திருந்தே இடைச் சட்டகம் ஆக்கப்படுவதால் சிறு தாமதமும் கூடுகிறது. விளம்பரங்களில் வரும் சட்டக எண்ணிக்கையை இதை மனத்தில் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையிலிருந்து பார்க்கும்போது இவ்வளர்ச்சியின் விலை தெளிவாகத் தெரிகிறது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் விலை 1,999 டொலராக இருந்தது. டொலர் 300 ரூபாய் என்று கொண்டால், வரிக்கு முன்பே ஆறு இலட்சம் ரூபாய். அது இழுக்கும் மின்வலு 575 வாட் வரை செல்வதால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் இயங்கினால் மாதத்துக்கு 69 அலகு செலவாகும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் இலங்கையின் கட்டணமுறையில் அது சிறிய சுமையன்று. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்த மின்வெட்டை இப்பிரதேசம் மறந்திருக்காது. தொலைவிலுள்ள சேவையகத்தில் காட்சியை ஆக்கி இணையவழி அனுப்பும் முறைக்கும் எல்லையுண்டு: ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் அப்பாலுள்ள சிங்கப்பூருக்கு ஒளியிழை நேர்கோட்டில் சென்றாலும், சமிக்ஞை போய்வர 25 மில்லிசெக்கன் ஆகும், அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சட்டகம். ஆகவே சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஓர் இளைஞனின் விளையாட்டு இயந்திரம் பெரும்பாலும் அவனது கைத்தொலைபேசியாகவே இருக்கும்; அதை முன்னேற்றுவது பெரிய கார்டன்று, சிக்கனமான கணிதமே.

அதற்குச் சிறந்த சான்று 2001இல் ஸ்டான்ஃபோர்டில் ரவி ராமமூர்த்தியும் அவரது ஆசிரியர் பாட் ஹன்ரகனும் வெளியிட்ட முடிவு. ஒரு பொருளின் மீது வானம், கடல், சுவர் என எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி விழுகிறது. இதை முழுமையாகக் கூட்ட இலட்சக்கணக்கான கணக்குகள் வேண்டும். ஆனால் சுண்ணாம்புச் சுவரைப் போன்ற பளபளப்பற்ற மேற்பரப்பு, வரும் ஒளியின் நுண்ணிய வேறுபாடுகளைத் தானே கலந்து மழுக்கிவிடுகிறது என்பதை அவர்கள் கணிதமாகக் காட்டினர். கோளமொன்றின் மேலுள்ள ஒளிப்பரவலைப் படிப்படியான அலைகளாகப் பிரித்தால், முதல் ஒன்பது அலைகளின் அளவுகளே போதும். மற்றவற்றை விட்டுவிட்டாலும் சராசரிப் பிழை ஏறத்தாழ ஒரு சதவீதமே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்குமாக 27 எண்களில் ஒரு வானத்தின் வெளிச்சம் அடங்கிவிடுகிறது. விளையாட்டு மென்பொருள்கள் இன்றளவும் இந்த 27 எண்களைக் காட்சியின் பல இடங்களில் சேமித்து வைக்கின்றன. இம்முறை மலிவான தொலைபேசியிலும் இயங்குகிறது. இயந்திரத்தைப் பெருக்காமல் இயற்கை எதைப் பொருட்படுத்துவதில்லை என்று கண்டறிந்ததால் கிடைத்த வெற்றி இது, அழகான வெற்றியும்கூட.

அதே ராமமூர்த்தி, 2020இல் நெர்ஃப் என்ற முறையை வெளியிட்ட குழுவிலும் இருந்தார். ஓரிடத்தைப் பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களைக் கொடுத்தால், எந்தப் புள்ளியில் எந்த நிறமும் அடர்த்தியும் உள்ளன என்பதை வலையமைப்பொன்று கற்றுக்கொண்டு, எடுக்கப்படாத கோணத்திலிருந்தும் காட்சியை ஆக்கித்தரும். 2023இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் உள்ள ஆய்வாளர்கள் வெளியிட்ட கௌஸியன் ஸ்பிளாட்டிங், அவ்விடத்தை இலட்சக்கணக்கான மங்கலான வண்ணத் துளிகளாக வைத்து, இதை உடனுக்குடன் காட்டக்கூடியதாக்கியது. 2004 டிசம்பர் 26இன் கடல்கோளில் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத் தெருக்கள் பலவற்றை இழந்த மக்களுக்கு, எஞ்சியிருப்பவற்றை இவ்வாறு பதிந்து வைப்பது விளையாட்டுக்கு அப்பாலும் பெறுமதியுடையது. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளிவாசலைத் தொலைபேசிக் கமராவால் சுற்றிவந்து படமெடுத்தாலே அதற்கான மூலப்பொருள் கிடைத்துவிடும். குறை, படமெடுத்த நேரத்து வெயில் அந்தத் துளிகளிலேயே உறைந்துவிடுவதாகும். எடுத்துக்காட்டாக, மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைத் திருப்பினால் ஊடும் பாவும் ஒளியை வெவ்வேறு திசைகளில் தெறிக்க, அதன் மினுக்கம் மாறும். காலைப் படத்திலிருந்து அதே துணியின் மாலைத் தோற்றத்தைப் பெற, நூலின் இயல்பையும் அன்றைய ஒளியையும் பிரித்தெடுக்க வேண்டும். இப்பிரிப்பே இத்துறையில் இன்று மிகக் கடினமான ஆய்வுகளுள் ஒன்று.

தொலைபேசிகளில் கதிர்த்தடச் சுற்றுகள் 2022 முதல் வரத் தொடங்கின. பெரும்பாலான ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் உள்ளமைப்பை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம், தன் அடுத்த வரைவியல் சில்லுகளில் நரம்பு வலையமைப்புக்கான தனிப் பகுதி இருக்கும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 540 வரிப் படத்தை 1080 வரிக்கு உயர்த்த ஒரு சட்டகத்துக்கு நான்கு மில்லிசெக்கன் போதும் என்பது அதன் மதிப்பீடு. கணக்கிட வேண்டிய பிக்ஸல்கள் காற்பங்காகக் குறையும்போது பற்றரி மிஞ்சும், சூடும் குறையும். இதற்கான மாதிரிகளும் கருவிகளும் எவரும் பார்த்துத் திருத்தக்கூடியவாறு வெளியிடப்பட்டிருப்பதால், சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் மாணவரொருவர், அந்தச் சில்லு கையில் இல்லாமலேயே, நேர்கோட்டு இயற்கணிதமும் நிகழ்தகவும் கற்ற அறிவோடு சாதாரணக் கணினியிலேயே இவ்வேலையைத் தொடங்கிவிடலாம்.