சாவி கைமாறும் முன்

2012 மே 8. ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் புதிய விமான நிலையம் திறக்க நான்கு வாரம்கூட இல்லை. ஜூன் 3 என்று நாள் குறித்து அழைப்பிதழ்களும் போய்விட்டன. பழைய டேகல் விமான நிலையத்தின் தளவாடங்களை ஒரே இரவில் இடம் மாற்றத் திட்டம் போட்டாயிற்று. உள்ளே கடை எடுத்தவர்கள் வேலைக்கு ஆள் சேர்த்துவிட்டார்கள். அன்றுதான் திறப்பு ரத்து என்ற அறிவிப்பு வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டடம் முடிந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே தீப்பிடித்தால் புகை ஒழுங்காக வெளியேறும் என்று கையெழுத்துப் போட்டுத் தர யாராலும் முடியவில்லை. அந்த விமான நிலையம் கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று.

ஒரு கட்டுமானத்தின் இந்தக் கடைசிக் கட்டத்தைத் துறையில் குளோஸ்-அவுட் என்கிறார்கள். விட்டுப்போன வேலைகளை முடிப்பது, குறைகளைத் தேடித் திருத்துவது, இயந்திரங்களை ஓட்டிச் சோதிப்பது, வரைபடங்களையும் உத்தரவாதச் சீட்டுகளையும் திரட்டுவது, பராமரிக்கப் போகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது, அரசுச் சான்றிதழ்களை வாங்குவது, கணக்கை முடிப்பது எல்லாம் இதில் வரும். "பெரிய வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு சார், ஃபினிஷிங்தான் பாக்கி" என்ற வார்த்தை காதில் விழாத சைட் கிடையாது. அந்தப் பாக்கிக்குத் தனி நாளும் தனி ஆளும் ஒதுக்காத கட்டடங்களில்தான் குடியேறியவர்கள் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

பெர்லினில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கூரையின் அழகு கெடக்கூடாது, அங்கே புகைபோக்கிகள் வேண்டாம் என்று வடிவமைப்பிலேயே முடிவானது. புகையின் இயல்பு மேலே எழுவது. அதை மின்விசிறிகளால் கீழே இழுத்து, தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள் வழியாக வெளியேற்ற ஏற்பாடு செய்தார்கள். அதன் சிக்கலைப் பார்த்து அதற்கு 'மான்ஸ்டர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இப்படியோர் அமைப்பு சரியாக ஓட வேண்டுமானால் புகையை உணரும் கருவி, எச்சரிக்கை மணி, தானாகத் திறக்கும் கதவு, தண்ணீர் தெளிப்பான், மின்விசிறி எல்லாம் ஒரே கட்டளைக்கு வரிசை பிசகாமல் அசைய வேண்டும். தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் போதாது. சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தேறாமல் போனது அந்த இடத்தில்தான். நூற்றுக்கணக்கான ஆட்களை நிறுத்தி வைத்து, தீப்பிடித்தால் கையால் கதவைத் திறந்துவிடச் சொல்லலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. அனுமதி தரவேண்டிய அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. ஊரே திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும்போது மறுத்து நிற்பது எளிதல்ல. அந்த மறுப்பு எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கிட வழியில்லை என்பதாலேயே அதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். திறப்பு ரத்தான கையோடு வடிவமைப்புக் குழுவின் ஒப்பந்தமும் முறிக்கப்பட்டது. கட்டும்போதே முனையத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள், திட்டத்தைப் பலமுறை மாற்றியிருந்தார்கள். எந்தக் குழாய் எங்கே திரும்பியது, எந்தச் சுவர் ஏன் நகர்ந்தது என்று அறிந்தவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். பிறகு வந்தவர்கள் திறந்து பார்த்தால் மின்கேபிள்களும் தகவல் கேபிள்களும் முறை தவறி ஒரே தடத்தில் கிடந்தன. 2013-இல், கட்டுப்பாட்டு அமைப்பு முழுமையாகாததால் முனையத்தின் விளக்குகளை அணைக்கக்கூட முடியவில்லை என்று திட்டத்தின் பொறுப்பாளரே சொல்ல வேண்டியிருந்தது. பூமிக்கடியில் கட்டி முடித்த ரயில் நிலையத்தில் காற்று தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடக் கூடாது என்று பயணிகளே இல்லாத ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் நூற்றுக்கணக்கான தகவல் திரைகளைக் கழற்றி மாற்றினார்கள். ஒரு விமானத்தைக்கூடக் காட்டாமல் வருடக்கணக்கில் எரிந்தே அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது.

முழுக்க வேறுவிதமான கதை லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்தில் நடந்தது. 2008 மார்ச் 27 அன்று, சொன்ன தேதியில், சொன்ன செலவுக்குள் அது திறந்தது. கட்டுமான உலகமே பாராட்டிய திட்டம் அது. ஆனால் முதல் நாளே பயணப்பெட்டி அமைப்பு திணறி, விமானங்கள் ரத்தாகி, ஆயிரக்கணக்கான பெட்டிகள் உரியவர்களைச் சேராமல் குவிந்தன. ஊழியர்களுக்குத் தங்கள் வண்டியை நிறுத்தும் இடமே புலப்படவில்லை. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வரவே நேரமாகிவிட்டது. இன்னொரு சின்னக் காரணம் உண்டு. சோதனை ஓட்டத்தின்போது அனுப்பும் மாதிரித் தகவல்கள் மற்ற முனையங்களின் உண்மையான அமைப்புகளுக்குள் போய்விடக் கூடாது என்று மென்பொருளில் ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். திறப்பதற்கு முன் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். சோதனையில் காவலாக இருந்தது, நிஜத்தில் உண்மைத் தகவல்களைத் தடுத்து நிறுத்திவிட்டது.

நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, அந்த முனையத்திலிருந்து விமானங்களை இயக்கிய நிறுவனத்தின் தலைவர் ஒன்றை ஒப்புக்கொண்டார்: கட்டுமானம் பிந்தியதால் சோதனை ஓட்டங்களைச் சுருக்கிவிட்டோம் என்றார். குளோஸ்-அவுட்டின் நிரந்தர நோய் இதுதான். அட்டவணையில் அது கடைசியில் இருக்கிறது. அஸ்திவாரத்தில் மழையால் போன நாள், ஸ்டீல் வராமல் போன நாள் எல்லாம் அதன் தலையில் வந்து விழும். திறப்பு தேதி மட்டும் அசையாது. நல்ல திட்ட மேலாளர் அந்தக் கடைசி வாரங்களை யாரும் தொடமுடியாதபடி முதல் நாளே வேலி போட்டுவிடுவார். பெர்லினும் கடைசியில் அப்படித்தான் தேறியது. கூட்டுச் சோதனைகளை மாதக்கணக்கில் நடத்தி, 2020 ஏப்ரலில் அனுமதி வாங்கி, அதற்கு மேலும் ஏறக்குறைய 10,000 தன்னார்வலர்களைப் பயணிகளாக நடிக்க வைத்துப் பெட்டி போட்டு, வரிசையில் நிறுத்திப் பழகிய பிறகே வாசலைத் திறந்தார்கள்.

விமான நிலையம் பெரிய விஷயம். ஆனால் நம் ஊரில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மென்ட்டுக்கும் விதி இதேதான். பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். குழாய்கள் ஓட, தளத்தைச் சற்றுத் தாழ்த்திப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அது. அதில் வாட்டர்புரூஃபிங் பூசியதும், டைல்ஸ் ஒட்டும் முன், வடிகால் வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் போதும் என்பவர்கள் உண்டு; கறாரான இன்ஜினியர் மூன்று நாள் கேட்பார். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, கீழ்வீட்டுக்குப் போய் சீலிங்கை நிமிர்ந்து பார்க்க வேண்டும். நான்கு மூலைகளையும், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் அந்தக் குழாயோரத்தில்தான் ஆரம்பிக்கும். இப்போது தெரிந்தால் சரிசெய்ய அரை நாள். டைல்ஸ் ஒட்டி ஆள் குடியேறிய பிறகு தெரிந்தால், மேல்வீட்டுத் தரையை உடைக்க வேண்டும், கீழ்வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், இரண்டு குடும்பங்களின் உறவும் கசந்துவிடும்.

வேலை முடிந்ததாகச் சொல்லும் நாளில் ஸ்னாக் லிஸ்ட் எழுதுவார்கள், அதாவது குறைப்பட்டியல். அதை வெறும் கண்ணால் எழுத முடியாது. இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் வழவழப்பாகத் தெரிந்த பட்டி வேலையின் மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டுக் காட்டும். நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை நிரம்பாத இடம் பொள்ளலாய்ச் சத்தம் கொடுக்கும். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் வாட்டம் சரியா என்று தெரிந்துவிடும். தண்ணீர் வடிகாலை விட்டுக் கதவுப் பக்கம் வந்தால் அந்த வீட்டில் தினமும் ஒருவர் துடைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்த ஒரு நொடி போதும். அதையும் அழுத்திப் பார்க்காமல் சாவி வாங்குகிறவர்கள் ஏராளம்.

பட்டியல் எழுதும் விதமும் முக்கியம். 'மூணாவது மாடி பாத்ரூம் சரியில்லை' என்று எழுதினால் அது யார் வேலையும் இல்லை. '3பி, பெரிய படுக்கையறை பாத்ரூம், கதவோரம் இரண்டு டைல்ஸ், அடியில் கலவை இல்லை, டைல்ஸ் மேஸ்திரி, வெள்ளிக்குள்' என்று எழுதினால் வேலை நடக்கும். திருத்தும் வரிசையையும் கவனிக்க வேண்டும். பெயின்டர் முடித்த பிறகு பிளம்பர் வந்து சுவரைக் குடைந்தால் பட்டியல் குறையாது, நீளும். கடைசி தூரிகையோடு வெளியேறுகிறவர் பெயின்டராகவே இருக்கட்டும்.

இதில் மனிதர்களின் நிலைமையையும் புரிந்துகொள்ள வேண்டும். கான்ட்ராக்டருக்கு இந்தக் கட்டத்தில் வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி வந்திருக்கும். கைதேர்ந்த மேஸ்திரியை அடுத்த சைட்டுக்கு அனுப்பியிருப்பார். இங்கே மிச்சமிருப்பது புதுப் பையன்கள். அதனால்தான் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் என்ற வழக்கம் பிறந்தது. உலகெங்கும் பெரிய திட்டங்களில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தில், கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும்போது அந்தத் தொகையில் பாதியும், குறைதீர்க்கும் காலம் முடிந்ததும் மீதியும் விடுவிக்கப்படும். பிடித்தத்தைச் சாக்காக வைத்து, வேலையை ஒழுங்காக முடித்த சிறு கான்ட்ராக்டரை மாதக்கணக்கில் அலைய விடுகிறவர்களும் உண்டு. அது அநியாயம், அவருக்குக் கீழே கூலிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

இறுதிக் கணக்கில் சண்டை வருவது பெரும்பாலும் மண்ணுக்குள் போன வேலைக்கு. அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அதில் போட்ட கம்பியையும் கடைசி மாதத்தில் தோண்டி அளக்க முடியாது. மூடும் முன் அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் சண்டைக்கு இடமில்லை. சுவருக்குள் போன வயருக்கும் குழாய்க்கும் இதுவே வழி. பூச்சு வேலைக்கு முன் டேப்பை வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்தால் போதும். அனுமதிக்காக வரைந்த பிளான் ஒன்று. உண்மையில் கட்டியதைக் காட்டும் ஆஸ்-பில்ட் வரைபடம் வேறு. இந்த இரண்டாவது இல்லாத வீட்டில்தான், ஷெல்ஃப் மாட்ட டிரில்லை வைத்ததும் சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது.

அரசுப் பக்கம், தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி நிறைவுச் சான்றிதழ் வேண்டும். சிறிய வீடுகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடையாது. லிஃப்டுக்குத் தனி உரிமம், உயரமான கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்று. சான்றிதழ் வரும் முன்பே கிரகப்பிரவேசம் வைத்து, கட்டுமான இணைப்பு மின்சாரத்தில் மாதக்கணக்கில் குடியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நேர்வது எளிதில் தவிர்க்கக்கூடிய துன்பம்.

சாவி வாங்கியதோடு கணக்கு முடிவதில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறைகளை, பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் காசு வாங்காமல் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். பொது இடங்களின் வரைபடங்களும் ஆவணங்களும் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வந்தாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் முதல் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் கடைசியில், மொட்டை மாடி, ஜன்னல் விளிம்பு, லிஃப்ட் குழி, தரைத்தளத்து சம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து எழுதுங்கள். போட்டோவும் தேதியும் சேர்த்து, சங்கத்தின் பெயரில் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.