கடாரத்துக் கடல்வழியும் கப்பல் புகையும்

கெடா மாநிலத்தின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரமுடையது. மேற்கே கடலில் வருவோர்க்கு அது கரைகாட்டும் குறியாக நெடுங்காலம் விளங்கிற்று. அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றை அடுத்துக் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கே பண்டைக் கடாரத்தின் வணிகக் களம். பட்டினப்பாலையில் வரும் ‘காழகம்’ என்னும் சொல்லுக்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இக்கரைக்கே.

அக்காலத்துக் கலங்களை இயக்கியது காற்று. தென்மேற்குக் காற்று தமிழகத்துக் கலங்களைக் கிழக்கே கொணர்ந்தது. வடகிழக்குக் காற்று அவற்றைத் திருப்பி அனுப்பியது. காற்று மாறும்வரை வணிகர் துறையிலேயே தங்கினர். கடாரம் போன்ற துறைகள் வளர்ந்தமைக்கு இக்காத்திருப்பும் ஒரு காரணம் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது, காத்திருப்பு ஒழிந்தது. நீராவிக் கப்பலுக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘புகைக்கப்பல்’ என்பது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கு மக்களை ஏற்றிவந்தன. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர் பலரின் முன்னோர் இவ்வாறு வந்தவரே. அன்று புகை முன்னேற்றத்தின் அடையாளமாகத் தோன்றிற்று. அதன் விலை இன்னதென்பது பின்னரே தெரியலாயிற்று.

புகையில் இருப்பவை

உலக வாணிகப் பொருள்களில், அளவால் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கடல்வழியே செல்கின்றன. பெருங்கப்பல்கள் நெடுங்காலமாக எரித்துவந்தது கனஎண்ணெய். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தபின் அடியில் எஞ்சும் கசடு அது. விலை குறைவு, கந்தகம் மிகுதி.

அதன் புகையில் இருவகைக் கேடுகள் உள்ளன. கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்கள் ஆகியவை ஒருவகை. இவை துறைமுகத்தை அடுத்து வாழ்வோரின் நெஞ்சையும் நுரையீரலையும் தாக்குவன. சில நாளில் மழையோடு கீழிறங்கிவிடுவன. கரியமில வாயு மற்றொரு வகை. அது மூச்சை அடைப்பதில்லை. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கி உலகைச் சூடாக்குகிறது. 2018-இல் உலகம் வெளியிட்ட வெப்பவாயுக்களில் கப்பல்களின் பங்கு நூற்றுக்கு 2.89 என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. இவ்விரு வகைக்கும் மருந்து ஒன்றன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மின்னல் சொன்ன சான்று

ஆண்டுக்கு 80,000-க்கு மேற்பட்ட கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடக்கின்றன. இலங்கையின் தெற்கிலிருந்து சுமத்திராவின் வடமுனைக்கும், அங்கிருந்து நீரிணை வழியே சிங்கப்பூருக்கும் செல்லும் பாதையில், அருகிலுள்ள கடற்பரப்பைவிட ஏறக்குறைய இருமடங்கு மின்னல் தோன்றுவதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. வரைபடத்தில் மின்னல்கள் கப்பல் தடத்தின்மேல் கோடு கிழித்தாற்போல் அமைந்திருந்தன.

காரணம் புகைத்துகள்களே. துகள் மிகுந்தால் மேகத்தின் நீர்த்துளிகள் எண்ணிக்கையில் பெருகி உருவில் சிறுக்கின்றன. சிறு துளி விரைவில் மழையாக விழாது. உயரச் சென்று உறைகிறது. உறைந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோத, மின்னூட்டம் மிகுகிறது.

கப்பல் எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு 3.5 பங்கு வரை இருக்கலாம் என்ற விதி, 2020 சனவரி முதல் நாளிலிருந்து 0.5 பங்கு என மாற்றப்பட்டது. அதன்பின் சிங்கப்பூரை அடுத்த கப்பல் தடங்களில் மின்னல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தாளில் எழுதிய ஒரு விதி வானத்தில் எழுதிக் காட்டப்பட்டது எனலாம்.

எனினும் இவ்வெற்றியில் ஒரு சிக்கலும் உண்டு. கந்தகத் துகள்கள் மேகங்களை வெண்மையாக்கி, ஞாயிற்றின் ஒளியைத் திருப்பியனுப்பி, வெப்பத்தை ஓரளவு மறைத்து வந்தன. அத்திரை மெலிந்தபோது, கரியமில வாயு விளைத்த வெப்பம் வெளிப்படலாயிற்று. இதனால் கந்தகத்தை நீக்கியது தவறென்று ஆகாது. மற்றொரு கடமை எஞ்சியிருக்கிறது என்பதே பொருள்.

புகையை நீரால் கழுவும் கருவிகளைப் பொருத்திக்கொண்டு பழைய எண்ணெயையே எரிக்கும் கப்பல்களும் உண்டு. அவற்றுள் ஒருவகை, கழுவிய நீரைக் கடலிலேயே விடுகிறது. வானின் அழுக்கு நீருக்கு மாறுவதால், கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் அவ்வாறு விடலாகாது என மலேசியா தடுத்தது.

கரியைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி, மெல்லச் செல்லுதல். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பொறி தரவேண்டிய ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்குமேல் குறையும். பயண நாள் நீள்வதைக் கழித்தாலும் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். துறையில் இடம் இல்லாதபோது விரைந்துவந்து நங்கூரமிட்டுக் கிடப்பதினும், இடம் கிடைக்கும் நேரமறிந்து மெல்ல வருதல் நன்று.

இரண்டாவது வழி, காற்று. 2018-இல் ‘மேர்ஸ்க் பெலிக்கன்’ என்னும் எண்ணெய்க் கப்பலில் 30 மீட்டர் உயரமுள்ள சுழலும் உருளைகள் இரண்டு நிறுவப்பட்டன. ஓராண்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு எரிபொருள் மிஞ்சியது. 2023-இல் ‘பிக்சிஸ் ஓஷன்’ 37.5 மீட்டர் உயரமுள்ள பாய்களோடு கடலேறி, நாளொன்றுக்குச் சராசரி மூன்று டன் எண்ணெயைச் சேமித்தது.

மூன்றாவது வழி, வேறு எரிபொருள். திரவ இயற்கைவாயுவில் கந்தகம் இல்லை; ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் கரியமில வாயுவினும் பன்மடங்கு வெப்பம் தருவது. அம்மோனியாவில் கரி இல்லை. ஆனால் அது நச்சு. மெத்தனால் எளிதிற் கையாளத்தக்கது. ஆனால் பசுமை மெத்தனால் அரிது, விலையும் மிகுதி. தாவர எண்ணெயும் கப்பலுக்கு உதவும். தோட்டப்புறத்தார்க்கு இங்கே ஒரு கேள்வி எழும்: செம்பனை எண்ணெய் ஆகாதா? எரியும், ஆனால் காட்டையோ கரிச்சதுப்பு நிலத்தையோ அழித்து நட்ட செம்பனையானால், எண்ணெயால் மிஞ்சும் கரியைவிட நிலத்திலிருந்து வெளிப்படும் கரி மிகும். பயன்படுத்திக் கழித்த சமையல் எண்ணெய்க்கு இக்குறை இல்லை. அது கிடைக்கும் அளவே சிறிது.

யார் தருவது?

2050-ஆம் ஆண்டளவில் கப்பல்களின் நிகர வெளியீடு இல்லாமற்போதல் வேண்டும் என்று நாடுகள் 2023 சூலையில் உடன்பட்டன. வெளியீட்டுக்கு விலை வைக்கும் ஏற்பாடு 2025 ஏப்பிரலில் வரைவாக ஒப்பப்பட்டது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், முடிவு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது.

ஒத்திவைப்போரின் அச்சம் பொருளற்றதன்று. கப்பல் கூலி உயர்ந்தால், பினாங்குத் துறை வழியே செல்லும் கெடாவின் சரக்கும் அதைச் சுமக்கும். கூலிச் சுமை இறுதியில் விளைவிப்போர் மீதே விழக்கூடும். ஆனால் காத்திருப்பதற்கும் கூலி உண்டு. அலோர் ஸ்டாரிலிருந்து கோலக்கெடா வரை விரிந்து கிடக்கும் மூடா நெல்வயல்கள் கடல்மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த தாழ்நிலம். நாட்டுக்குச் சோறிடும் அவ்வயல்களில் கடல்நீர் ஏறினால், அந்த இழப்பை எந்தக் கப்பல் கூலியோடும் ஒப்பிட இயலாது. வரியாகத் திரளும் பணத்தில் ஒரு பங்கை வளரும் நாடுகளுக்கே திருப்பி அளிக்கும் கருத்து வரைவில் இடம்பெற்றதும் இதனாலேயே.

காற்றுக்காகக் காத்திருந்த வணிகர் கடாரத்தை வளர்த்தனர். காற்றை மறந்த நூற்றாண்டு புகையை வளர்த்தது. மெல்லச் செல்லுதலும் காற்றைத் துணைகொள்ளுதலும் இக்கரையார்க்குப் புதிய பாடம் அல்ல, மறந்த பாடமே.