சாமை ஏன் குறைந்தது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்தவர்கள். பிறகு அந்தக் காடுகளில் பலவும் மரவள்ளிக்கு மாறின. மலைக்குக் கீழே ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. கிழங்கைக் கொடுத்தால் ரொக்கம்.

சாமை ஏன் குறைந்தது என்று எந்த அதிகாரியைக் கேட்டாலும் ‘காசுதான்’ என்பார். பொய்யில்லை, ஆனால் பாதிதான். பொருளியலுக்கான நோபல் பரிசை 2002-இல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமன் இந்த வழுக்கலை விளக்கியிருக்கிறார்: கடினமான கேள்வி வந்தால் மனம் அதை ஓசையில்லாமல் நகர்த்திவிட்டு, பக்கத்திலிருக்கும் எளிய கேள்விக்கு விடை சொல்லிவிடும். ‘இவர்கள் ஏன் விட்டார்கள்?’ என்பது ‘எதில் வருமானம் அதிகம்?’ என்று மாறிவிடுகிறது. விடை கையில் இருப்பதால் கேள்வி மாறியதே தெரிவதில்லை.

கொல்லிமலையில் மறைந்திருந்த பாதி உரலில் இருந்தது. சாமை மணி கடுகைவிடச் சற்றே பெரிது. உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் தலையில். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் வேலை தீர்ந்தது. ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போடலாம். இந்தக் கணக்கில் சாமை தோற்றதில் வியப்பில்லை.

1990-களிலிருந்து அங்கே பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமையில் செய்த பண்டங்கள் சந்தைக்குப் போயின. எனக்கு இதில் பெரிதாகப் படுவது இயந்திரம் அல்ல, உலக்கை பிடித்தவரிடம் கேட்கத் தோன்றியதுதான்.

அலுவலகத்தில் இப்படி மறைந்திருக்கும் பாதியைக் கேட்டறிய ஒரு வழி உண்டு. உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதியது: திட்டம் தொடங்கும் முன்பே ‘இது படுதோல்வியில் முடிந்துவிட்டது’ என்று வைத்துக்கொண்டு, காரணத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். தலைவர் முன்னால் குறை சொல்லத் தயங்குபவரும் அப்போது எழுதிவிடுவார். அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். விதை அதிகாரியும் வங்கி அதிகாரியும் மட்டும் எழுதினால் மழை, விலை, கடன் எல்லாம் தாளில் வரும். குத்துகிற வேலை வராது.