தரையில் ஓடும் பச்சை மிதிவண்டி

லாரி ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறார், யாருமில்லை. வண்டியை இடப்புறம் திருப்புகிறார். ஆனால் அங்கே ஒரு மிதிவண்டி வந்துகொண்டிருக்கிறது! அது ஏன் அவர் கண்ணில் படவில்லை?

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குக் கதவும் பக்கச் சட்டங்களும் தரையின் ஒரு பகுதியை மறைத்துவிடுகின்றன. அந்த இடத்தில் வரும் மிதிவண்டியின் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் பயனில்லை. இதையே 'குருட்டுப் பகுதி' என்கிறோம். நம் நாட்டைப் போலவே இங்கிலாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், இடப்புறத் திருப்பம் அங்கும் ஆபத்தானது.

பிரைட்டன் பல்கலைக்கழக மாணவி எமிலி புரூக் இதற்கு ஒரு வழி கண்டார். மிதிவண்டி மறைந்திருந்தால் என்ன? அதன் அடையாளத்தை ஓட்டுநர் பார்க்கும் இடத்திற்கு முன்னதாகவே அனுப்பலாமே! மிதிவண்டியின் முன்விளக்கோடு ஒரு பச்சை லேசரைச் சேர்த்தார். அது சில மீட்டர் முன்னால் தரையில் மிதிவண்டி உருவத்தை வரைந்துகொண்டே செல்லும். பச்சை ஏன்? நம் கண் மிக எளிதில் உணரும் நிறம் அதுதான்.

எண்ணம் பிறந்தால் போதுமா? அச்சு வார்க்கவும், மின்சுற்று அமைக்கவும், சோதிக்கவும் பணம் வேண்டும். ஒரு விளக்குகூட விற்பனையாகும் முன்பே இச்செலவு வந்துவிடும். 2012-இல் எமிலி 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற இணையதளத்தின் மூலம் பொதுமக்களை நாடினார். விளக்கு வேண்டுவோர் முன்கூட்டியே பணம் தர ஒப்புக்கொள்வார்கள். குறித்த இலக்கு எட்டப்படாவிட்டால் எவரிடமும் பணம் பெறப்படாது. அவர் கேட்டது 25,000 பவுண்டு. சேர்ந்ததோ ஏறத்தாழ 55,000 பவுண்டு! இம்முறையில் பொருள் தாமதமாகலாம், வராமலும் போகலாம். அந்த ஆபத்தையும் பணம் தருவோரே ஏற்கிறார்கள்.

லண்டனின் பொது வாடகை மிதிவண்டியில் இவ்விளக்கைப் பொருத்தி ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருளில் சோதித்தது. சாதாரண விளக்குடன், வேன் ஓட்டுநருக்கு மிதிவண்டி புலப்பட்டது சுமார் 65 விழுக்காடு; லேசரும் சேர்ந்தபோது 96 விழுக்காடு. 2016 முதல் அந்நகரின் வாடகை மிதிவண்டிகளில் இது பொருத்தப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குருட்டுப் பகுதி இருப்பது லாரியில். அப்படியிருக்க, மிதிவண்டிக்காரர் மட்டும் ஏன் செலவு செய்ய வேண்டும்? லாரியின் சன்னல்களைப் பெரிதாக்கி, இருக்கையைத் தாழ்த்தினால் குறையின் வேரே அகலுமல்லவா? இதை உணர்ந்த லண்டன் நகரம், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநர் நேரடியாகப் பார்க்கக்கூடிய அளவைக் கொண்டு தரம் பிரித்தது. தரம் குறைந்தவை கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தினால்தான் அனுமதி. 2021 மார்ச் முதல் அனுமதியின்றி ஓட்டினால் அபராதம். 2024 அக்டோபரில் விதி மேலும் கடுமையாக்கப்பட்டது. விளக்கு உடனே உதவும். லாரியை மாற்றக் காலமாகும். இரண்டுமே தேவை.

நீங்களும் செய்து பாருங்கள்: ஆசிரியர் துணையுடன், இயந்திரம் நிறுத்தப்பட்ட பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும். மற்றொருவர் வெளியே சுற்றி நடந்து, தாம் மறையும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்கட்டும். அக்கோட்டுக்குள் எத்தனை மிதிவண்டிகள் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாலையில் எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்பது அப்போது நன்கு விளங்கும்.