சாம்பலிலிருந்து பிளாஸ்மாவுக்கு

கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் எவ்வளவு என்று பார்க்க, அன்று முதலில் அந்த எண்ணெயையே எரிக்க வேண்டியிருந்தது. சிலிக்கா கிண்ணத்தில் எண்ணெயை எடை போட்டு, கந்தக அமிலம் ஊற்றி, மெல்லச் சூடேற்றுவார்கள். அது நுரைத்து, வெண்புகை விட்டு, கரியாக இறுகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பொங்கி வழிந்துவிடும். மறுபடி எடை போடுவதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகு மஃபில் உலையில் 525 டிகிரி செல்சியஸ். கடைசியில் மிஞ்சுவது கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கொஞ்சம் சாம்பல்.

அமிலம் எதற்கு? 1934-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரட் டிரைப்ஸ், பெட்ரோலியத்தில் வனேடியம் போர்ஃபிரின் மூலக்கூறுக்குள் அமர்ந்திருப்பதைக் காட்டினார். பழங்காலத் தாவரங்களின் பச்சையம் மண்ணுக்கடியில் உருமாறி வந்த மூலக்கூறு அது. அதில் ஒரு பகுதி சூட்டில் ஆவியாகிப் புகையோடு போய்விடும். போகாமல் பிடித்து வைப்பது அமிலம்தான். சாம்பலைக் கரைத்து, டைமெத்தில்கிளையாக்சைம் சேர்த்தால் நிக்கல் செந்நிறம் காட்டும். வனேடியத்துக்கு மஞ்சள். நிறத்தின் அடர்த்தியை அளந்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற பிபிஎம் கணக்கைச் சொல்வார்கள். ஒரே நாளில் முடிந்தால் பெரிய விஷயம்.

1955-ல் ஆலன் வால்ஷ் அணு உறிஞ்சல் முறையை முன்வைத்தார். வேலை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி விளக்கு தேவைப்பட்டது.

இன்று எண்ணெயைச் சைலீனிலோ கெரசினிலோ கரைத்து, நேரே ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிக்கிறார்கள். பல்லாயிரம் டிகிரி சூட்டில் எல்லா உலோகங்களும் ஒரே சமயத்தில் தத்தம் ஒளியை உமிழ, சில நிமிடங்களில் அளவு தெரிந்துவிடுகிறது. இதிலும் தொல்லை உண்டு. கரைப்பானின் கரி பிளாஸ்மா டார்ச்சின் முனையில் படியும். அதை எரித்துவிடச் சிறிது ஆக்சிஜன் கலப்பார்கள். கெட்டி எண்ணெய் மெதுவாக ஏறுவதால் கணக்குப் பிசகும். அதைச் சரிக்கட்ட யிட்ரியம் போன்ற ஒரு தனிமத்தைத் தெரிந்த அளவில் சேர்ப்பார்கள். துருத் துகளாக மிதக்கும் இரும்பு மட்டும் இந்த வழிக்கு முழுதாக அகப்படாது. அதற்கு அமிலத்தில் சிதைப்பதே இன்றும் நம்பகமானது.

கருவியைவிட, முடிவு கைக்கு வரும் நேரம் மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உலோக அளவு எண்ணெய்க்கு எண்ணெய் வெகுவாக மாறும். வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் வனேடியம் 1,000 பிபிஎம்மைத் தாண்டும். சில இலகு எண்ணெய்களில் 1 பிபிஎம்கூடத் தேறாது. சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கிப் பிளப்பு அலகில் நிக்கல் ஹைட்ரஜனையும் கரியையும் பெருக்கும். வனேடியம் வினையூக்கியின் சியோலைட்டையே சிதைத்துவிடும். அன்று முடிவு வருவதற்குள் எண்ணெய் அலகுக்குள் போய்விட்ட நாட்கள் உண்டு. இன்று எதோடு எதைக் கலப்பது என்பதையே அந்த அளவைப் பார்த்துத் தீர்மானிக்க முடிகிறது.

கேள்வியும் நகர்ந்திருக்கிறது. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்து, பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் செலுத்தி, வனேடியம் எந்த அளவு மூலக்கூறில் ஒளிந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். பெரிய மூலக்கூறுகள் வினையூக்கியின் குறுகிய துளைகளுக்குள் நுழையாது. எனவே கசடு எண்ணெயிலிருந்து உலோகத்தை நீக்கும் படுகைக்கு எவ்வளவு அகலத் துளையுள்ள வினையூக்கி வேண்டும் என்பதற்கு அந்த விடை தேவைப்படுகிறது.