மூளை நோயை ஆராய இயற்பியலார் எதற்கு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியிலுள்ள கார்த் தொழிற்சாலை எதையேனும் நீங்கள் பார்வையிட்டிருந்தால், வெல்டிங் செய்யும் ரோபோவின் கையைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பல மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் இத்தனை பாகை திரும்பவேண்டும் என்று கணக்கு உண்டு. சில கோணங்களுக்கு அது திரும்பவே கூடாது; திரும்பினால் தன் உடலிலேயே மோதிக்கொள்ளும். இப்பகுதிக் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பிக்கும் நான், மூளை நோய்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கையிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

நம் உடலிலுள்ள புரதங்கள், அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகளைச் சுற்றிச் சங்கிலி திரும்பலாம். ஆனால் விரும்பிய கோணத்திற்கெல்லாம் திரும்ப இயலாது. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எக்கோணங்கள் இயலும், எவை இயலா என்று காட்டும் வரைபடத்தை 1963ஆம் ஆண்டு வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் அது இன்று உலகெங்கும் பாடநூல்களில் உள்ளது.

அவர் அங்கு வந்த கதையும் அறியத்தக்கதே. 1952இல் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார் ஒரு மருத்துவர். சர் சி. வி. இராமன் பரிந்துரைக்க, முப்பது வயதளவில் இருந்த இராமச்சந்திரனைப் பேராசிரியராக அமர்த்தினார். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு, கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து, 1954இல் கோபிநாத் கர்த்தாவும் அவரும் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைச் சொன்னார்கள். ஒரு நல்ல நியமனம் இரண்டே ஆண்டில் தந்த பலன் இது! நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதைக் காணும்போது எனக்கு இந்நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

சரி, மூளைக்கு வருவோம். கைகால் நடுங்கி, நடை தளரும் பார்க்கின்சன் நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிவதால் இது உண்டாகிறது. அவ்வணுக்களுக்குள் காணப்படும் கட்டிகளில் பெரும்பங்கு ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம். இதில் 140 அமினோ அமிலங்கள். இயல்பாக இது அவிழ்த்துவிட்ட கயிறுபோல நிலையான உருவமின்றி இருக்கும். நோயிலோ, தட்டையாக மடிந்து, அடுக்கிய தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஒருமுறை அடுக்கு தோன்றிவிட்டால், பக்கத்திலுள்ள நல்ல மூலக்கூறுகளும் அதைப் பார்த்து மடிகின்றன. 1997இல் சில குடும்பங்களில் ஒரு செய்தி வெளியாயிற்று: 53ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் இருந்தவர்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வந்தது. நூற்று நாற்பதில் ஒரு கண்ணி!

இப்போது கொடுக்கப்படும் லெவோடோபா மருந்து டோபமைன் குறையை ஈடுசெய்கிறதே தவிர, நரம்பணுக்கள் மடிவதைத் தடுப்பதில்லை. தடுக்கவேண்டுமானால் முதல் மடிப்பு எப்படி நேர்கிறது என்று தெரியவேண்டும். அது கோணங்களையும் விசைகளையும் பற்றிய கேள்வி. காந்த ஒத்திசைவு, உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்று அதற்கான கருவிகளும் இயற்பியல் தந்தவையே. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் பொறியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து 2024இல் வெளியிட்டார்கள்.

இராமச்சந்திரன் தம் இறுதி ஆண்டுகளில் நடுக்குவாதத்தால் துன்புற்று, 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் மறைந்தார்.

"இயற்பியல் படித்தால் ஷிப்டு வேலைதானே, சார்?" என்று என் மூன்றாமாண்டு மாணவர்கள் கேட்பதுண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி வேறொன்று கேட்டாள். அவள் தந்தைக்குக் கைநடுக்கம். சைக்கிள் கம்பியில் சங்கிலி செய்து எடுத்துவந்து, "53ஆவது கண்ணி மாறினால் ஏன் தட்டையாகிறது?" என்றாள். திரியோனினின் பக்கக்கிளை பருமனானது, அது தட்டை வடிவையே விரும்பும் என்று விளக்கினேன். "அப்படியானால் அது இல்லாத என் அப்பாவுக்கு ஏன் வந்தது?" என்றாள். இப்போது உயிர் இயற்பியல் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். அந்தக் கம்பிச் சங்கிலி என் மேசைமேல்தான் இருக்கிறது.